பணியாரக் கல்லில் சாப்பிடும் பூனை – ஒரு சிறு வரலாறு



போன வாரம் எங்கள் மிக்கி பணியாரக் கல்லில் சாப்பிடும் படத்தைப் போட்டதும் ஆளாளுக்குச் சிரித்தீர்கள். "டீச்சர், பூனைக்குப் பணியாரமா?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "எங்க வீட்டுப் பூனையும் தின்ன கையோட கக்குது, என்ன செய்யறது?" என்று கேட்டவர்கள் மீதிப் பேர். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். ஆனால் டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் ஒரு வரியில் வராது என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015-ஐயும் 2023-ஐயும் மறக்க முடியாது. மிக்ஜாம் புயல் அடித்த அந்த 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ் வீட்டுச் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது சன்ஷேடு மேல் நனைந்த துணி மாதிரி ஏதோ கிடந்தது. பேத்திதான் பார்த்தாள். "பாட்டி, அது மூச்சு விடுது!" என்றாள். ஒட்டிய வயிறும் பீளை கட்டிய கண்ணுமாக ஒரு குட்டி. புயலில் வந்ததால் மிக்கி என்று பேர் வைத்தாள்.

பசியோடு வந்த ஜீவன் ஆயிற்றே என்று தட்டு நிறைய வைத்தேன். ஒரு நிமிஷத்தில் காலி. மென்ற மாதிரியே தெரியவில்லை. உருமிக்கொண்டே விழுங்கியது. ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் தரையில், முழுசு முழுசாக. மறுநாளும் அப்படியே. வாரக் கணக்கில் இதே கதை. குட்டி கொழுகொழுவென்று ஆன பிறகும், மூன்று வேளையும் நேரம் தவறாமல் கிடைக்கும் என்ற பிறகும், அந்த அவசரம் போகவில்லை. துடைத்துத் துடைத்து எனக்கு இடுப்பு போயிற்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "காணாததைக் கண்ட மாதிரி ஏன் இப்படி முழுங்குற? உன் சோத்தை யாரு புடுங்கிக்கப் போறா?"

சொல்லி முடித்ததும் எனக்கே திக்கென்றது. இதே வார்த்தையை இதே குரலில் பல வருஷம் முன்னால் வேறு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரான என் மாணவி ஒருத்திக்கு போன் செய்தேன். அவள் முதலில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாள். பார்த்துவிட்டு, "டீச்சர், இது வாந்தி இல்ல, எதுக்களிப்பு" என்றாள். வாந்தி என்றால் வயிறு எக்கி எக்கி, குமட்டலோடு வரும். பாதி செரித்ததும் பித்தமும் கலந்திருக்கும். எதுக்களிப்பு அப்படியல்ல. தின்ற சில நிமிஷங்களில், பெரிய முயற்சி ஏதும் இல்லாமல், போன உணவு போன மாதிரியே திரும்பி வந்துவிடும். "பூனை ரொம்ப வேகமா சாப்பிடுது, அவ்வளவுதான் டீச்சர். ஏன் வேகமா சாப்பிடுதுன்னு நீங்களே கண்டுபிடியுங்க, நீங்கதான் எங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க" என்று எனக்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டுப்பாடம்தான் இந்தப் பதிவு.

முதலில் பூனையின் பூர்வீகம். உலகத்து வீட்டுப் பூனைகள் எல்லாம் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பகுதிகளில் வாழ்ந்த ஒரு காட்டுப் பூனையின் வழி வந்தவை என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. மனிதன் விவசாயம் தொடங்கினான். தானியம் சேர்த்தான். தானியத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனித எலும்புக்கூட்டின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய உறவு நமக்கும் அதற்கும்.

ஆனால் நாயைப் போலப் பூனை கூட்டமாக வேட்டையாடவில்லை. தனியாகப் பதுங்கி, தனியாகப் பிடித்து, தனியாகத் தின்றது. ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோ கலோரிதான் இருக்கும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கிலோ கலோரி வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழெட்டுச் சுண்டெலி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எலி கிடைத்துவிடாது. ஆக, பகலும் இரவுமாகத் தேடித் தேடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்று வாழ்வதற்கு அமைந்த உடம்பு அது. அதன் பல்லும் அப்படித்தான். நம்மைப் போல் அரைக்கும் கடைவாய்ப்பல் கிடையாது. தாடை மேலும் கீழும் மட்டும் அசையும். கத்தரிக்கோல் மாதிரி வெட்டி விழுங்கத்தான் தெரியும். எலியைப் பிய்த்துத் தின்ன நேரம் ஆகும். அதே பூனைக்கு முன்னால் ஒரு கிண்ணம் நிறையச் சின்னச் சின்ன உருண்டைகளைக் கொட்டினால்? வெட்டவும் வேலையில்லை, அப்படியே உள்ளே போய்விடும். குனிந்து தின்பதால் உணவுக்குழாய் கிடைமட்டமாக வேறு இருக்கும். சின்ன இரைப்பை திடீரென்று உப்பினால் வந்த வழியே தள்ளிவிடும்.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். தமிழில் பூனைக்குப் பழைய பெயர்கள் வெருகு, பூசை. தொல்காப்பிய மரபியல் வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைப் பெயர் 'குட்டி' என்கிறது. நாம் இன்றும் பூனைக்குட்டி என்றுதான் சொல்கிறோம். வெருகைப் பூசை என்று சொல்வதும் வழக்கம் என்று அதே மரபியல் குறிக்கிறது. குறுந்தொகையில் மாலை நேரத்தில் வேலிப் பக்கம் வந்து நிற்கும் வெருகைக் கண்டு, வீட்டுக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் ஒரு காட்சி வரும். வேலிக்கு வெளியே நின்ற அந்த வெருகுக்கு ராத்திரிச் சாப்பாடு நிச்சயமில்லை.

நான் கூட்டிக்கொண்டு போன மாமல்லபுரம் சுற்றுலா ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து அர்ச்சுனன் தபசுப் பாறை. யானைகளைப் பார்த்து வாய் பிளந்து நின்ற உங்களைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னேன். அங்கே ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும். பக்கத்தில் எலிகள் பயமில்லாமல் இருக்கும். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கங்கைக் கரையில் தவசி வேடம் போட்டு, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனையின் கதை வருகிறது. சிற்பி அதைத்தான் நினைத்துச் செதுக்கியிருக்க வேண்டும் என்பார்கள். "போலிச் சாமியார்களை நம்பாதீர்கள்" என்று அன்றைக்கு உங்களுக்கு நீதி சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

கம்பரும் பூனையை விடவில்லை. தன் காவியத்தின் அவையடக்கத்தில், இராமன் கதையைச் சொல்லத் துணிந்த தன்னை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனைக்கு ஒப்பிடுகிறார். அப்புறம் தெனாலிராமன் கதை. சுடச்சுடப் பாலை வைத்து நாக்கு வெந்துபோன பூனை, அதன் பிறகு பாலைக் கண்டாலே ஓடியது.

இத்தனை வருஷம் வகுப்பில் இவற்றைச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் பூனை பேராசைக்கும் திருட்டுக்கும் உதாரணம். அந்தப் பூனைக்குப் பசித்திருக்கும் என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. தெனாலிராமன் பூனை மட்டும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறது. சாப்பாட்டைப் பற்றி ஒரு பிராணியின் உடம்பு கற்ற பாடம் லேசில் மறக்காது.

நம் தாம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்கு இடம் மாறியது. அதற்குப் பிறகும் பல காலம் இங்கே சுற்றிலும் ஏரியும் வயலும்தான். என் சின்ன வயசில் வீட்டில் நெல் குதிர் இருந்தது. பூனையை யாரும் 'வளர்க்க'வில்லை. அது இருந்தது, அவ்வளவுதான். எலி அதன் சம்பளம். மீன் கழுவும் நாளில் தலையும் செதிலும் போனஸ். மிச்சம் இருந்தால் தயிர்சாதம். வயல் மனையானது, மனை அடுக்குமாடியானது. குதிர் போய் ஐந்து கிலோ அரிசிப் பை வந்தது. பூனைக்குச் சம்பளம் நின்றுபோனது. இப்போது அது நம் தட்டை நம்பி நிற்கிறது.

அந்தத் தட்டுக்கு வந்த உலர் தீவனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. விக்டோரியா காலத்து லண்டனில் பூனைகளுக்குக் குதிரை இறைச்சியைத் துண்டு போட்டு வீடு வீடாக விற்பவர்கள் இருந்தார்கள். 1950-களில் அமெரிக்காவில் மாவைக் குழைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளிப் பொரிய வைக்கும் இயந்திர முறை செல்லப் பிராணித் தீவனத்துக்கு வந்தது. நம் முறுக்குப் பிழியும் உரலின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சௌகரியம், ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டு தடவையாகத் தின்ன வேண்டியதை ஒரே மூச்சில் தின்னும் பழக்கமும் அதோடு வந்தது. அதற்காகப் பழையபடி தயிர்சாதமே போதும் என்று சொல்லாதீர்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தயாரிக்காது, மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமாகும் என்று 1987-ல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். நம் வேப்பேரிக் கல்லூரி 1903-லேயே தொடங்கியது. அந்தக் காலத்துக் கால்நடை மருத்துவத்துக்கு மாடும் குதிரையும்தான் பெரிது. பூனைக்கு வைத்தியம் என்றால் சிரித்திருப்பார்கள். என் அம்மாவும் பூனை கக்கினால் "புல்லைத் தின்னுட்டு சரியாயிடும்" என்று விட்டுவிடுவார்.

இப்போது நான் சொல்லாமல் வைத்த கதை.

1980-களின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். நான்காம் வகுப்பு. மதிய உணவு மணி அடித்தால் ஒரு பையன் அலுமினியத் தட்டோடு எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையில் முதலில் நிற்பான். சாம்பார் சாதம் விழுந்த சூடு ஆறுமுன் தட்டு காலி. சில நாள் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் கக்கிவிட்டு வருவான். "காணாததைக் கண்ட மாதிரி ஏன்டா முழுங்குற? உன் சோத்தை யாரு புடுங்கிக்கப் போறா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. பொறுமை கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு வாரம் அவனை வரிசையில் கடைசியாக நிற்க வைத்தேன். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியல் தாளில் நான் நல்ல மார்க் வாங்கியவள். கடைசியில் நின்ற அந்த வாரம் அவன் இன்னும் வேகமாக விழுங்கினான். ஐந்து நாளில் நாலு நாள் கக்கினான்.

வெள்ளிக்கிழமை சத்துணவு ஆயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், கோச்சுக்காதீங்க. அந்தப் புள்ள வூட்டுல காலைலயும் அடுப்பு எரியாது, ராத்திரியும் எரியாது. நேத்து மத்தியானம் துன்னதுதான். கடைசியா நிக்க வெச்சா, அண்டா காலியாயிடுமோன்னு பாத்துக்கினே நிக்குது" என்றார்.

திங்கட்கிழமை ஆயாவே ஒரு வழி செய்தார். அவனுக்கு முதலில் ஒரு சின்னக் கரண்டி சாதம். ஒரு கிண்ணத்தில் இன்னும் ரெண்டு கரண்டி எடுத்து, அவன் கண்ணில் படும்படி ஜன்னல் திட்டில் வைத்தார். "இது உன்னுது. உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். மெதுவா துன்னு." அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் கிண்ணத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பத்து நாளில் கக்குவது நின்றது.

மிக்கியைப் பற்றிப் படிக்கப் போனபோதுதான் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-ல் நடந்த பட்டினிச் சோதனையைப் பற்றி விவரமாகப் படித்தேன். யுத்தத்தில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று அறிய, 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப் பட்டினி இருந்தார்கள். படித்தவர்கள், நல்ல குணமுள்ளவர்கள். பசியில் தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் சிலருக்குப் போதும் என்ற உணர்வே வரவில்லை. வயிறு தாங்காத அளவு தின்று வாந்தி எடுத்தவர்களும் உண்டு. படித்த மனிதருக்கே அப்படி என்றால் பத்து வயசுப் பையனும் சன்ஷேட்டில் கிடந்த குட்டியும் என்ன செய்யும்?

இந்தப் பசியை நம் ஊர் புரிந்துகொண்ட வரலாறும் பெருமையானது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி கொடுக்க முடிவெடுத்தது. ஆங்கில அரசு அந்தச் செலவை அனுமதிக்காததால் 1925-ல் நின்றது. 1956-ல் காமராஜர் மதிய உணவு. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை. 2022 செப்டம்பர் 15-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்டாலின் காலை உணவு. கட்சிச் சண்டை வேண்டாம், நான் இதை வகுப்பறையிலிருந்து பார்த்தவள். காலையில் ஒரு வேளை வயிற்றுக்குப் போயிருந்தால் அந்தப் பையன் மத்தியானம் இடித்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டான்.

ஆயா செய்ததைத்தான் நான் மிக்கிக்குச் செய்தேன். உங்கள் வீட்டுப் பூனைக்கும் செய்து பாருங்கள்.

1. ஒரு நாளைக்கு உரிய மொத்த அளவைக் கூட்டாமல் ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். நேரம் மாறக் கூடாது.

2. குழிவான கிண்ணம் வேண்டாம். அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். எங்கள் வீட்டில் பரணில் கிடந்த ஏழு குழிப் பணியாரக் கல்லில் குழிக்கு ஐந்தாறு உருண்டையாகப் போட்டேன். ஒரு குழி முடித்து அடுத்த குழிக்குப் போவதற்குள் வேகம் தானாகக் குறைகிறது. கடையில் இதற்கென்றே தட்டு விற்கிறார்கள், நமக்குப் பணியாரக் கல் போதும்.

3. இரண்டு பூனை இருந்தால் இரண்டு தட்டு, ஒன்றை ஒன்று பார்க்காத இடத்தில். பூனை பந்தியில் உட்காரும் ஜாதி இல்லை. பக்கத்தில் இன்னொன்று நின்றால் பயத்தில் விழுங்கும்.

4. சாப்பிடும்போது கத்தாதீர்கள், தட்டை இழுக்காதீர்கள். அது நான் செய்த தப்பு.

5. இவ்வளவு செய்தும் நிற்காவிட்டாலோ, எக்கி எக்கி அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். வயசான பூனை நிறையத் தின்றும் இளைத்தால் தைராய்டு கோளாறாக இருக்கலாம். குட்டியென்றால் குடற்புழு. பூ கட்டும் நூல், ஊசி எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். நூலை விழுங்கி நுனி வெளியே தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

மிக்கிக்கு மூன்று வாரத்தில் நின்றது. இப்போதும் எப்போதாவது, மழை பலமாகப் பெய்யும் நாளில், பழைய அவசரம் வரும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழி குழியாகப் போடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு அந்த மாணவன் குடும்பத்தோடு என்னைப் பார்க்க வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது, மகள் கல்லூரியில் படிக்கிறாள். மிக்கி பணியாரக் கல்லில் நிதானமாகச் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "டீச்சர், பூனைக்கும் எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றான். ஜன்னல் திட்டுக் கிண்ணத்தை அவன் மறக்கவில்லை. வரிசையில் கடைசியாக நிற்க வைத்ததையும் மறந்திருக்க மாட்டான். அதை அவன் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குத் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அந்த ஒரு வாரத்துக்காக என்னை மன்னித்துவிடு. எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆயா இப்போது இல்லை. அவருக்கும் இந்தப் பதிவின் வழியே என் வணக்கம்.

உங்கள் வீட்டுப் பூனைக் கதைகளைக் கீழே எழுதுங்கள். பிழையிருந்தால் திருத்துங்கள், மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்